மாக் டெஸ்ட் எழுதினால் மட்டும் மார்க் ஏறுமா? கேட் தேர்வு: வாசகர் கேள்வி பதில்

ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் எம்.பி.ஏ. சேர எழுதுகிற கேட் (CAT) முதலான நுழைவுத் தேர்வுகள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, திருச்சியில் மாலை நேரங்களில் கணக்கும் லாஜிக்கும் சொல்லித்தருகிற நம் டீச்சர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சர், சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன நவம்பரில் கேட் எழுதினேன். மொத்தம் 85 பெர்சென்டைல். ஆங்கிலத்தில் 71, டேட்டா-லாஜிக்கில் 86, கணக்கில் 90. இந்த முறை 96 தாண்ட வேண்டும். நாற்பது மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) உள்ள சீரீஸ் ஒன்று வாங்கிவிட்டேன். காலையில் இரண்டு மணி நேரமும் ஞாயிறு முழுவதும் படிக்க முடியும். ஜூனிலிருந்து நவம்பர் வரை ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுங்கள். (பெயர் வேண்டாம், தாம்பரம்)

பதில்: டைம்டேபிள் கண்டிப்பாகத் தருகிறேன், தம்பி. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. மூன்று பகுதிக்கும் பெர்சென்டைல் சொன்னீர்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை கேள்வி தொட்டீர்கள், எத்தனை சரி, எத்தனை தப்பு என்பதைச் சொல்லவில்லை. தேர்வு முடிந்த சில நாட்களில் உங்கள் லாகினில் ரெஸ்பான்ஸ் ஷீட் வந்திருக்கும். அதை எடுத்து மேசையில் வையுங்கள். அதைப் பார்க்காமல் போடுகிற டைம்டேபிள் யாருக்கோ போட்ட டைம்டேபிள்.

முதலில் 85-க்கும் 96-க்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கேட் எழுதுகிறவர்கள் மூன்று லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். 85 பெர்சென்டைல் என்றால் 85 சதவீதம் பேர் உங்களுக்குப் பின்னால், ஏறத்தாழ 45,000 பேர் முன்னால் நிற்கிறார்கள். 96 என்றால் 12,000 பேர். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் மார்க்கில் பார்த்தால் இந்தத் தூரம் பத்துக் கேள்விக்குள் அடங்கிவிடும். கேட்டில் எல்லாவற்றுக்கும் விடை எழுதுகிறவர் யாருமில்லை. அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காதவர்கள் 99 பெர்சென்டைல் வாங்கியிருக்கிறார்கள். அதனால் உங்களுக்கு வேண்டியது இன்னும் பத்து அத்தியாயம் இல்லை. தெரிந்த கேள்வி கையை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும், தெரியாததில் மார்க்கைப் பறிகொடுக்காமல் இருக்க வேண்டும்.

இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். சரியான விடைக்கு 3, தப்புக்கு மைனஸ் 1. கணக்குப் பகுதியில் ஒருவர் 14 கேள்வி தொடுகிறார்; 8 சரி, 6 தப்பு. எல்லாம் நான்கு விடையிலிருந்து தேர்ந்தெடுக்கிற கேள்விகள் என்று வைத்துக்கொள்வோம். 24-லிருந்து 6 போனால் 18. இன்னொருவர் 10-தான் தொடுகிறார். அதே 8 சரி, 2 தப்பு. அவருக்கு 22. இரண்டு பேருக்கும் தெரிந்த கணக்கு ஒன்றுதான். 22 கேள்விக்கு 40 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. முதல் ஆள் கூடுதலாகத் தொட்ட அந்த நான்கு தப்புக் கேள்விகளில் எட்டு நிமிடத்துக்கு மேல் செலவழித்திருப்பார். அந்த நேரம் கையில் இருந்திருந்தால் அவரே இன்னும் இரண்டு கேள்வி சரியாகப் போட்டிருக்கலாம்.

குத்துமதிப்பாக அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நீண்ட கணக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நான்கில் ஒரு முறை 3 கிடைக்கும், மற்ற மூன்று முறை ஒவ்வொன்றாகப் போய்விடும். இரண்டு விடைகளை உறுதியாக ஒதுக்க முடிந்தால் மட்டும் தொடுங்கள், அது உங்கள் பக்கம் சாயும். விடையை நீங்களே டைப் செய்கிற கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது. அதனால் அவற்றில் ஒன்றைக்கூடக் காலியாக விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள்.

இப்போது நோட்டுக்கு வருவோம். என் வகுப்பில் இதைத் 'தப்பு நோட்டு' என்போம். ஒவ்வொரு மாக் முடிந்ததும் தப்பாய்ப் போனவை, விட்டவை, சரியாக வந்தும் நேரம் தின்றவை எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். கேள்வியை முழுசாக எழுத வேண்டாம். எண், தலைப்பு, எவ்வளவு நேரம் ஆனது, அப்புறம் ஒரு காரணம். காரணம் நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்: 'தெரியாது', 'தெரியும், கவனம் போச்சு', 'தெரியும், ஆனால் சுற்றுவழி', 'தொட்டிருக்கவே கூடாது'. ஐந்தாவதாக 'சில்லி மிஸ்டேக்' என்று எழுதுவதை நான் அனுமதிப்பதில்லை. அதற்குள் எல்லாத் தப்பும் ஒளிந்துகொள்ளும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பாத்திரத்தில் 40 லிட்டர் பால். 4 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றுகிறோம். இப்படி மொத்தம் மூன்று முறை. கடைசியில் பால் எவ்வளவு? போன வருடம் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் இதை என் முன்னால் போட்டாள். முதல் முறைக்குப் பின் 36. அடுத்து எடுக்கும் 4 லிட்டரில் பால் 3.6, மீதி 32.4. அதற்கடுத்து 3.24 போக மீதி 29.16. விடை சரி. ஆனால் ஒவ்வொரு படியிலும் எழுதி, அடித்து, மறுபடி எழுதி மூன்று நிமிடத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு போகிறது, பத்தில் ஒன்பது பங்கு நிற்கிறது, 40-ஐ 0.9-ஆல் மூன்று முறை பெருக்கினால் முடிந்தது. மாக் ரிப்போர்ட்டில் இந்தக் கேள்விக்குப் பச்சை டிக் விழுந்திருக்கும். அவள் நோட்டில் இது 'சுற்றுவழி' என்ற காரணத்தோடு ஏறியது. பச்சை டிக் விழுந்த கேள்விகளையும் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். 90 எடுத்தவருக்குக் கணக்கில் அடுத்த ஏற்றம் பெரும்பாலும் இந்தச் சுற்றுவழிகளைக் குறைப்பதில்தான் வரும்.

மாக் எழுத இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால் அதைப் பிரித்துப் பார்க்க நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். எழுதிய கையோடு தீர்வு வீடியோவைத் திறக்காதீர்கள். தப்பான கேள்வியை, கடிகாரம் இல்லாமல், வெற்றுத் தாளில் மறுபடி போட்டுப் பாருங்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாதபோது விடை வந்துவிட்டால் உங்களுக்குப் பாடம் தெரியும், வேகமோ பதற்றமோதான் பிரச்சினை. அப்போதும் வரவில்லையென்றால் மட்டுமே பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். வீடியோவை முதலில் பார்த்துவிட்டால் இந்த வித்தியாசம் உங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

நாற்பது மாக் வாங்கியதில் தப்பில்லை. நாற்பதையும் எழுதியே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். இருபதை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தவர், நாற்பதை எழுதித் தள்ளியவரைவிட மேலே போவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

உங்களுக்கு ஏற இடம் அதிகம் இருப்பது ஆங்கிலத்தில்தான். 71 என்பது இன்னொரு வகையிலும் ஆபத்து. ஐ.ஐ.எம்.கள் மொத்த பெர்சென்டைலோடு ஒவ்வொரு பகுதிக்கும் தனி கட்-ஆஃப் வைத்திருக்கின்றன. மொத்தம் 96 வந்தும் ஒரு பகுதியில் இடறினால் சில இடங்களில் கதவு திறக்காது. பிடித்த கணக்கை இன்னும் கொஞ்சம் போடலாம் என்றுதான் கை போகும். கணக்கில் பலமானவர்கள் எல்லோரும் செய்வது அது. உங்கள் காலை இரண்டு மணி நேரத்தில் முதல் முக்கால் மணி நேரத்தை ஆங்கிலத்துக்கு எழுதி வையுங்கள். தேர்விலும் முதலில் வருவது ஆங்கிலம்தான். பகுதிகளின் வரிசையை மாற்ற முடியாது, ஒரு பகுதியின் 40 நிமிடம் முடிந்தால் திரும்பிப் போகவும் முடியாது. அதனால் காலையில் எழுந்ததும் படித்துப் புரிந்துகொள்ள மூளை பழக வேண்டும். எப்படி வாசிப்பது என்பதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் அது பொருந்தும்.

டேட்டா-லாஜிக்கைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. 2024-லும் 2025-லும் இந்தப் பகுதியில் 22 கேள்விகள், ஐந்து செட்டாக வந்தன; ஒரு செட் என்றால் ஒரு தகவலும் அதையொட்டிய நாலைந்து கேள்விகளும். முதல் ஐந்து நிமிடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஐந்து செட்டையும் படியுங்கள். அதில் எது உங்களுடையது என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். முதல் செட்டில் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் போனபின், இவ்வளவு நேரம் போட்டாயிற்றே என்று அதிலேயே உட்கார்ந்திருப்பவர்கள்தான் தேர்வு முடிந்து அழுதுகொண்டே எனக்குப் போன் செய்கிறார்கள். இரண்டு செட் முழுசாக, மூன்றாவதில் ஒன்றிரண்டு என்றால் உங்கள் 86 நன்றாகவே ஏறும். செட் தேர்ந்தெடுக்கப் பழக, பழைய மாக்கின் ஐந்து செட்டையும் எடுத்து, எதையும் தீர்க்காமல், சுலபத்திலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்துங்கள். பிறகு தீர்த்துப் பார்த்து உங்கள் வரிசை சரியா என்று சோதியுங்கள். அலுவலக பஸ்ஸில் உட்கார்ந்துகூட இதைச் செய்யலாம்.

சரி, டைம்டேபிள். கேட் கடந்த சில ஆண்டுகளாக நவம்பர் கடைசி ஞாயிறில் நடக்கிறது. ஜூன், ஜூலையில் முழு மாக் மாதம் ஒன்று போதும். தினமும் வாசிப்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு லாஜிக் செட், கணக்கில் அரித்மெட்டிக்கும் அல்ஜீப்ராவும். கேட் கணக்கில் பெரும்பங்கு இவை இரண்டும்தான். சதவீதம், விகிதம், நேரமும் வேலையும், வேகம், கலவை எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். ஜியோமெட்ரியை வாரம் ஒரு நாள் தொட்டால் போதும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஞாயிறுதோறும் ஒரு மாக். ஞாயிறு மதியமும் திங்கள், செவ்வாய் காலையும் தப்பு நோட்டு. புதனிலிருந்து அந்த நோட்டு என்ன கேட்கிறதோ அந்தப் பாடம். பலருக்கு டைம்டேபிள் தோற்பது இந்தப் புதன்கிழமையில்தான். போன வாரத் தப்பு விகிதத்தில் இருக்கும், அட்டவணையில் 'லாகரிதம்' என்று எழுதியிருப்பதால் லாகரிதம் படிப்பார்கள். புதன் முதல் சனி வரை உள்ள கட்டங்களை முன்கூட்டியே நிரப்பாதீர்கள்.

அக்டோபரிலிருந்து வாரம் இரண்டு மாக். நவம்பரில் ஹால் டிக்கெட் வந்ததும் உங்கள் ஸ்லாட் தெரிந்துவிடும். காலை 8.30, மதியம் 12.30, மாலை 4.30 என்று மூன்று ஸ்லாட். அதன்பின் எழுதுகிற மாக் எல்லாம் அதே நேரத்தில் எழுதுங்கள். மதிய ஸ்லாட் கிடைத்தவர்கள் என்ன சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது என்பதையும் பழகிக்கொள்ள வேண்டும். கடைசி நான்கைந்து நாள் புது மாக் வேண்டாம், தப்பு நோட்டைப் புரட்டுங்கள். ரிலீஸ், டெப்ளாய்மென்ட் என்று ஆபீஸில் ஒரு வாரம் போய்விட்டால், அந்த வாரத்தை அடுத்த வாரத்தில் திணிக்காதீர்கள். போனது போகட்டும். அந்த வாரத்திலும் வாசிப்பு மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். கணக்கு வருகிறது. இங்கிலீஷ் பாசேஜைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. பெரிய வேர்ட் லிஸ்ட் புத்தகம் ஒன்றும் கிராமர் புத்தகம் ஒன்றும் வாங்கி மனப்பாடம் செய்கிறேன். என்னால் முடியுமா? (மாணவி, புதுக்கோட்டை)

பதில்: முடியும்மா. உனக்கு ஒரு வருடத்துக்கு மேல் கையில் இருக்கிறது. தாம்பரம் தம்பிக்கு அது இல்லை.

அந்த வேர்ட் லிஸ்ட்டை இன்றே மூடி வை. இப்போதைய கேட்டில் 'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்' என்று நேரடிக் கேள்வி வருவதில்லை. இலக்கணக் கேள்வியும் வருவதில்லை. ஆங்கிலப் பகுதியின் 24 கேள்விகளில் 16 பாசேஜிலிருந்து வருபவை, பொதுவாக நான்கு பாசேஜ். மீதி எட்டில் வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, பொருந்தாத வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது, பத்தியைச் சுருக்குவது மாதிரியானவை. எல்லாமே ஒன்றைத்தான் சோதிக்கின்றன: எழுதியவர் என்ன வாதம் செய்கிறார் என்று உனக்குப் பிடிபடுகிறதா?

அதற்கு நான் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குச் சொல்கிற வழி இது. தினமும் ஒரு ஆங்கிலக் கட்டுரை, தொடக்கத்தில் சின்னதாக. முதல் முறை அகராதி இல்லாமல் கடைசி வரை படி. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஓரத்தில் அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரே வரி எழுது. மொழிபெயர்க்காதே. பக்கத்து வீட்டுத் தோழிக்குச் சொல்வது மாதிரி, 'இதுவரைக்கும் நகரத்தில் மரம் நடுவது நல்லதுன்னு சொன்னாரு, இப்போ ஆனால்னு இழுக்கிறாரு' என்று எழுது. அந்த 'ஆனால்' உன் கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது முறை படிக்கும்போது மட்டும், வாதத்துக்குத் தடையாக இருந்த சொற்களை அகராதியில் பார். ஒரு கட்டுரைக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் பார்க்காதே. தமிழில் சிந்திப்பது குறை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. ஆங்கில மீடியத்தில் படித்தவர்களில் நிறையப் பேர் வரிகளின் மேல் கண்ணை ஓட்டிவிட்டு, புரிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். தமிழில் ஒரு வரி எழுத வேண்டுமென்றால் அப்படி ஏமாற்றிக்கொள்ள முடியாது.

மரம் உதாரணத்தையே எடுத்துக்கொள். பாசேஜ் இப்படி என்று வை: நகரங்களில் மரம் நட்டால் தெரு குளிரும்; ஆனால் வறண்ட ஊர்களில் அந்த மரங்களுக்கு ஊற்றுகிற தண்ணீர் மக்களின் குடிநீரிலிருந்து போகிறது; எனவே எந்த மரம், எந்த ஊர் என்று பார்த்து நட வேண்டும். மையக் கருத்து எது என்று கேட்கிறார்கள். 'மரங்கள் நகரத்தைக் குளிர்விக்கின்றன' என்று ஒரு விடை இருக்கும். உண்மைதான், பாசேஜிலும் இருக்கிறது, ஆனால் மையக் கருத்து அது கிடையாது. 'வறண்ட ஊர்களில் மரமே நடக் கூடாது' என்று ஒன்று இருக்கும். எழுதியவர் சொன்னதற்கு ஒரு படி மேலே போய்விட்டது. 'மரம் நடுவது மண்ணரிப்பைத் தடுக்கிறது' என்று ஒன்று இருக்கும். பள்ளியில் படித்த உண்மை, ஆனால் இந்தப் பாசேஜில் அந்தப் பேச்சே இல்லை. தப்பு விடைகள் பெரும்பாலும் இந்த மூன்று வேஷத்தில்தான் வரும். உன் தப்பு நோட்டில் நீ எந்த வேஷத்துக்கு அதிகம் ஏமாறுகிறாய் என்று குறித்துக்கொண்டே வா. ஒரு மாதத்தில் உனக்கே தெரிந்துவிடும்.

என்ன படிப்பது? பேப்பர் தலையங்கம் மட்டும் போதாது. கேட்டில் தத்துவம், வரலாறு, சூழலியல், மொழியியல், கலை என்று நீளமான கட்டுரைகளிலிருந்து பாசேஜ் எடுக்கிறார்கள். ஏயான், கார்டியன் லாங் ரீட் மாதிரித் தளங்கள் இலவசம். ஆரம்பத்திலேயே தத்துவத்தில் போய் முட்டிக்கொள்ள வேண்டாம். உனக்குப் பிடித்த விஷயத்திலிருந்து ஆரம்பி, விலங்கோ கிரிக்கெட்டோ எதுவாக இருந்தாலும் சரி. மூன்று மாதம் கழித்து, வாரத்தில் இரண்டு நாள் உனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயத்தில் ஒரு கட்டுரை படி. தேர்வில் வரப்போவது அதுதான். ஒரு பாசேஜும் அதன் நான்கு கேள்வியும் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாட்டை மூன்றாம் ஆண்டு ஆரம்பித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்போது கடிகாரம் வேண்டாம்.

அந்தக் கிராமர் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதினால் உதவும்.

கேள்வி: என் மகள் கோவையில் தனியார் வங்கியில் வேலை பார்க்கிறாள். போன முறை கேட்டில் 88. இந்த முறை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கப் போகிறேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை பார்க்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. (ஒரு தந்தை, திருப்பூர்)

பதில்: ஐயா, வேலையை விட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் மகளிடம் இந்தப் பக்கத்தை அப்படியே காட்டுங்கள்.

கேட் மார்க் அந்த ஒரு வருட அட்மிஷனுக்கு மட்டும்தான் செல்லும். அந்த மார்க்கும் தனியாகப் பேசாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மார்க், வேலை அனுபவம் என்று பலவற்றையும் சேர்த்துத்தான் பெரும்பாலான ஐ.ஐ.எம்.கள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கின்றன. வங்கி வேலை அந்தப் பட்டியலில் அவளுக்குப் பலம். ஜனவரிக்குப் பிறகு வருகிற இன்டர்வியூவில், வாடிக்கையாளரிடம் லோன் பற்றிப் பேசிய அனுபவத்தை அவள் சொல்ல முடியும். வேலையை விட்டால், ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்குத்தான் பதில் தயார் செய்ய வேண்டியிருக்கும். அதோடு, நாள் முழுக்க வீட்டில் இருந்தால் நாள் முழுக்கப் படிப்போம் என்பது நடப்பதில்லை. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் கையில் இருக்கிறவர் அந்த இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றுகிறார். நாள் முழுதும் கையில் இருப்பவர் அதை நாளைக்குத் தள்ளுகிறார். அதற்கு மேல், ஒவ்வொரு மாக்கின் மார்க்கும் 'இதற்காகவா வேலையை விட்டேன்' என்று மனசை அரிக்க ஆரம்பித்துவிடும்.

88-லிருந்து ஏற அவளுக்கு நேரம் கூடுதலாக வேண்டும் என்பது உண்மைதான். வங்கியில் மிச்சமிருக்கிற லீவை அக்டோபர், நவம்பருக்குச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். கடைசி இரண்டு மூன்று வாரம் முழு நாளும் கிடைத்தால் போதும்.

உங்கள் பங்கும் இதில் இருக்கிறது, ஐயா. மாப்பிள்ளை பேச்சை டிசம்பர் வரைக்கும் வீட்டில் எடுக்க வேண்டாம். சொந்தக்காரர்கள் கேட்டால் நீங்களே பதில் சொல்லி அனுப்பிவிடுங்கள், அவள் காதுவரை போக விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாக் எழுதுகிற இரண்டு மணி நேரம் டி.வி. ஓடாமல், விருந்தாளி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மார்க் என்ன என்று ஒவ்வொரு வாரமும் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்கிற இந்த ஆறு மாத அமைதி எவ்வளவு அரிது என்பதை என் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: கேட்டுக்குப் படித்தால் டான்செட்டும் எழுதிவிடலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: எழுதலாம், ஆனால் வேறு வேகத்தில். அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிற டான்செட் எம்.பி.ஏ. தாளில் இரண்டு மணி நேரத்துக்கு 100 கேள்வி. தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. கேட்டில் விட வேண்டியதை விடப் பழகிய கைக்கு, இங்கே நிறைய கேள்விகளை மளமளவென்று தொடப் பழக வேண்டும். கேட் முடிந்த பிறகு சில வாரம் பழைய டான்செட் தாள்களை நேரம் வைத்துப் போடுங்கள். டேட்டா சஃபிஷியன்சியையும் (கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்கிற கேள்விகள்) ஆங்கில இலக்கணத்தையும் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: தேர்வில் கால்குலேட்டர் உண்டாமே? அப்படியானால் வாய்ப்பாடு எதற்கு? (நாமக்கல் வாசகர்)

பதில்: திரையில் ஒன்று இருக்கிறது, மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும். 17-ஐ 6-ஆல் பெருக்க அதைத் திறந்தால் நேரம்தான் போகும். 20 வரை வாய்ப்பாடு, 30 வரை வர்க்கம், அரை முதல் பன்னிரண்டில் ஒன்று வரையான பின்னங்களின் சதவீதம், இவை மனசில் இருக்கட்டும். டேட்டா செட்டில் பெரிய வகுத்தல் வந்தால் கால்குலேட்டரைத் தொடுங்கள். வீட்டில் மாக் எழுதும்போதும் போன் கால்குலேட்டரை எடுக்காமல் திரையில் இருப்பதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான் எம்.பி.சி. கேட் விண்ணப்பத்துக்குப் பள்ளியில் கொடுத்த சாதிச் சான்றிதழ் போதுமா? (தர்மபுரி வாசகர்)

பதில்: போதாது. இதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வருடா வருடம் மாட்டிக்கொள்கிறார்கள். ஐ.ஐ.எம்.கள் மத்திய அரசின் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் (இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிக்கவர்களை நீக்கிய பிரிவு) ஒதுக்கீட்டைப் பின்பற்றுகின்றன, அது 27 சதவீதம். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். எந்தத் தேதிக்குப் பின் வாங்கியது செல்லும் என்பது அந்த வருட அறிவிப்பில் இருக்கும், படித்துப் பாருங்கள். கேட் பதிவு வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்துச் செப்டம்பரில் முடிந்துவிடும். பதிவில் குறித்த பிரிவைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் தாமதமானால் சமாளிக்க நேரம் வேண்டும், அதனால் ஜூலையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.